கோல்ஃப்ல 5 வுட்டா, ஹைப்ரிடா? ரெண்டையும் ஆடிப் பார்த்தவங்க சொல்லுங்க

சென்னையிலிருந்து:
பையில 14 கிளப்புக்கு (பந்தை அடிக்கிற மட்டை) மேல வைக்க விதி விடாது. டிரைவர், 3 வுட், அயர்ன், வெட்ஜ், புட்டர் எல்லாம் போக எனக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம். 5 வுட் (தண்டு நீளம், தலை அகலம்) வாங்கறதா, 3 ஹைப்ரிட் (வுட்டும் அயர்னும் கலந்தது) வாங்கறதா? லாஃப்ட் (கிளப் முகத்தோட சாய்வு) பார்த்தா 18, 19 டிகிரின்னு கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. கடையில வலைக்குள்ள அடிச்சப்போ 5 வுட் பத்து யார்டு கூடப் போச்சு. "இதையே எடுங்க சார்"னு கடைக்காரர் சொல்றார். ஆனா அவர் விரிச்சிருக்கறது சொகுசான பாய். நான் ஆடறது ஏப்ரல் வெயில்ல காஞ்சு கிடக்கிற தரை. கம்பெனிக்காரன் சொல்றதெல்லாம் படிச்சாச்சு. உங்களுக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க.

ஊட்டியிலிருந்து:
தம்பி, நான் ஹைப்ரிட் கட்சி. ஊட்டி கோல்ஃப் மைதானம் 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு, பந்து தானாகவே கூடுதலாகப் போகும். அங்கே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, நிற்கிற இடம்தான் பிரச்சினை. சமதளம் அபூர்வம். பந்து காலுக்கு மேலே இருக்கும், இல்லாவிட்டால் கீழே. அப்படிச் சரிவில் நின்றுகொண்டு 42 அங்குல வுட்டைச் சுழற்றுவதைவிட அதில் ஒன்றரை அங்குலம் குறைந்த ஹைப்ரிடைச் சுழற்றுவது எவ்வளவோ மேல்.

ஒருநாள் காலை பனி ஈரத்தில் பந்து ரஃபில் (வெட்டாமல் வளரவிட்ட புல்லில்) உட்கார்ந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் வெள்ளை நன்றாகத் தெரிகிறது. குனிந்து பார்த்தால் பாதிப் பந்து புல்லுக்குள். நான் வுட்டை உருவினேன். கேடி (பை தூக்கி வருபவர்) ஒன்றும் பேசாமல் அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ஹைப்ரிடை நீட்டினார். "தூக்கப் பாக்காதீங்க சார். அயர்ன் மாதிரி மேல இருந்து இறக்குங்க, அதுவா எழும்பும்" என்றார். எழும்பியது. வுட் தலை முன்பின்னாக அகலம். தரையோடு தாழ்ந்து வரும்போது பந்தைத் தொடுவதற்கு முன்பே புல்லில் மாட்டிக்கொள்கிறது. ஹைப்ரிட் தலை ஒடுக்கம், செங்குத்தாக இறங்கும், இடையில் சிக்கும் புல் குறைவு. நாற்பது வருஷம் அந்த மலையில் பை தூக்கியவருக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையில்லை.

ஹூஸ்டனிலிருந்து:
ஐயா சொல்றது ரஃபுக்குச் சரி. ஆனா எனக்கு ஹைப்ரிட் கையில எடுத்தாலே பந்து இடப்பக்கம் ஓடுது. நல்லா பட்டாத்தான் இன்னும் மோசமா வளையுது! நமக்கு மட்டும்தானான்னு விசாரிச்சா, நிறைய பேர் இதையே சொல்றாங்க. ஹைப்ரிட் தண்டு குட்டை, கிளப் கொஞ்சம் நிமிர்ந்து நிக்கும். கையை வேகமாத் திருப்பறவங்களுக்கு அதுவே இடப்பக்கம் இழுக்கும்.

இன்னொண்ணு, இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க: பந்து எப்படி விழுதுங்கறது. ஹைப்ரிடுல எடை முகத்துக்குப் பக்கத்துலயே இருக்கும், வுட்டுல பின்னால தள்ளி இருக்கும். அதனால வுட் பந்தை உயரத்துக்கு ஏத்தி மெதுவா இறக்கும். எங்க ஊர் பெர்முடா புல் கிரீன் (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின தரை) கல்லு மாதிரி. ஹைப்ரிட் பந்து கிரீன்ல விழுந்து அதைத் தாண்டி ஓடிப் போயிடும். 21 டிகிரி 7 வுட் எடுத்தப்புறம்தான் நிக்க ஆரம்பிச்சது. 7 வுட்னா வயசானவங்க கிளப்னு சிரிப்பாங்க. 2020 மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயிச்ச டஸ்டின் ஜான்சன் பையிலயே அது இருந்தது.

கோலாலம்பூரிலிருந்து:
அண்ணே, ரெண்டு பேரும் அவங்கவங்க புல்லைப் பத்திப் பேசறீங்க. இங்க நிறைய இடத்துல கவ் கிராஸ்தான், இலை அகலமானது. ஃபேர்வேல (புல்லை வெட்டி விட்ட நடுப்பாதை) பந்து மேலேயே உக்காந்திருக்கும், வுட்டுக்கு அல்வா. அதே புல் கொஞ்சம் வளர்ந்து மேல மழையும் பேஞ்சா வுட்டைத் தொடவே மாட்டேன்.

வுட் கட்சிக்காரங்க 1935 மாஸ்டர்ஸைச் சொல்வாங்க. 15-வது ஹோல்ல ஜீன் சராசன் 235 யார்டுலேருந்து 4 வுட்ல நேரா குழிக்குள்ளயே போட்டார். எனக்குப் பிடிச்சது 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப், ஹேசல்டின் மைதானம். கடைசி ஹோல், கூட ஆடறது டைகர் வுட்ஸ், கிரீனுக்கு இன்னும் 200 யார்டுக்கு மேல. கொரியாக்காரர் ஒய்.இ. யாங் எடுத்தது 3 ஹைப்ரிட். பந்து குழிக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு. மேஜர் (நாலு பெரிய போட்டிகள்ல ஒண்ணு) ஜெயிச்ச முதல் ஆசிய ஆண் அவர்தான். அன்னைக்கே என் 3 அயர்னை வித்துட்டேன்.

ஆமா, சென்னை அண்ணே, உங்க 4 அயர்ன் எவ்வளவு போகுதுன்னு சொல்லவே இல்லையே? அதுக்கும் 3 வுட்டுக்கும் நடுவுலதான் இந்தக் கிளப் வந்து உக்காரணும்.

சென்னையிலிருந்து:
4 அயர்ன் 170 யார்டு, அதுவும் நல்லா பட்டா. 3 வுட் 215. காஞ்ச தரையில வுட்டைச் சுத்தினா அடித்தகடு தரையில பட்டு எகிறி பந்தோட தலையில போய் அடிக்குது. கைதிருப்பற பழக்கமும் எனக்கு இல்லை, பந்து வலப்பக்கம்தான் போகும். பழைய 3 ஹைப்ரிட் ஒண்ணு நண்பர்கிட்ட இருக்கு, ஞாயிற்றுக்கிழமை இரவல் கேட்டிருக்கேன். 4 அயர்னுக்குப் பதிலா 4 ஹைப்ரிட் வெச்சிருக்கவங்க யாராவது இருக்கீங்களா?