எஃப்.பி.சி. தாளும் முற்றிப்போன நெஞ்சுச்சளியும்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

கல்லடி மருமகன்

2021 ஆகஸ்ட் கடைசி. டெல்டா, ஊரடங்கு. அந்த நாட்களைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மாமா கொவிட்டோடு ஆஸ்பத்திரி விடுதிக்குள், நாங்கள் கேற்றுக்கு வெளியே.

பின்னேரம் எஃப்.பி.சி. என்ற, இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனைத் தாள் தொலைபேசியில் படமாக வந்தது. வெள்ளை அணு 9,200. சரியான அளவு 4,000 முதல் 11,000 வரை என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. மாமி உடனே மாமாங்கேஸ்வரருக்கு நேர்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டுத் தேநீர் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அதே தாள் ஓர் இளம் டொக்டரிடமிருந்து மறுபடியும் வந்தது. வெள்ளை அணுவில் ஓர் இனமான லிம்போசைட் 5 வீதம் என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அழைத்துக் கேட்டேன். “மொத்தத்தைப் பார்க்காதீர்கள் அண்ணன். ஒன்பதாயிரத்தில் ஐந்து வீதம் என்றால் நானூற்றுச் சொச்சம். ஆயிரத்துக்கு மேல் இருக்க வேண்டியது. மற்றதில் பெரும்பகுதி நியூட்ரோபில் என்ற இன்னோர் இனம். இன்றிரவு இவரைக் கவனமாகப் பார்க்க வேண்டும்” என்றார்.

அந்த நேரம் மாமா விடுதியிலிருந்து மாமியின் தொலைபேசிக்கு அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். படுவான்கரையில் அறுவடை மெஷின் இறங்கிவிட்டதா, நெல்லுக்கு என்ன விலை சொல்கிறார்கள், சாக்கு போதுமா. குரலில் ஒரு தளர்வும் இல்லை. விடிவதற்குள் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கூடிய வேகத்தில் ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிழைத்து வந்துவிட்டார். ஆனால் அந்தச் சிவப்பு வட்டமும் சாக்குக் கணக்கும் ஒரே நேரத்தில் வந்தது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. ஆளுக்கே தெரியாததை இரத்தம் எப்படி முந்திக்கொண்டு சொன்னது?

லெய்ஷ்மன் சாயம்

அம்பாறை மாவட்டத்தில் ஓர் ஆய்வுகூடம். எது என்று கேட்காதீர்கள். மெஷின் தரும் எண்ணில் சந்தேகம் வந்தால், கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தை இழுத்து லெய்ஷ்மன் என்ற சாயத்தை ஏற்றி, நுணுக்குக்காட்டியில் நூறு வெள்ளை அணுக்களைக் கையால் எண்ணுவோம். எண்ணும் கருவியில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு விசை.

அதே ஆகஸ்டில் வந்த ஒரு தகடு. நியூட்ரோபில், நியூட்ரோபில், மறுபடியும் நியூட்ரோபில். அவற்றிலும் பல, கரு இன்னும் மடல் பிரியாத இளசுகள். எலும்பு மச்சை அவசரத்தில் வெளியே தள்ளியவை. லிம்போசைட் விசையின் மேல் வைத்த விரல் சும்மா கிடந்தது. தகட்டின் வால் பக்கம் வரை நகர்த்திப் பார்த்தேன். நூறு நிறைந்தபோது லிம்போசைட் மூன்று. படிவத்தில் வயதைப் பார்த்தேன். என் வயது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வைரஸ் நுரையீரலின் சிற்றறைக்குள் இறங்கியதும் முதலில் எழ வேண்டிய எச்சரிக்கை இன்டர்பெரான். கொவிட் வைரஸ் அதை அமுக்கித் தாமதப்படுத்துகிறது. அந்த இடைவெளியில் வைரஸ் பெருகிவிடுகிறது. பிறகு எழும் சைட்டோகைன் சைகைகள் அளவு மீறி எழுகின்றன. இன்டர்லூகின்-6 அவற்றில் ஒன்று. அந்த அழைப்புக்கு ஓடி வருபவை நியூட்ரோபில்கள். பக்டீரியாவையும் பூஞ்சையையும் விழுங்குவதுதான் அவற்றின் முதன்மை வேலை. நுரையீரலில் குவிந்து அவை கக்கும் நொதியங்கள் வைரஸையும் நம்முடைய திசுவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. சில நியூட்ரோபில்கள் தம் சொந்த டி.என்.ஏ.யையே வாவியில் வீச்சுவலை எறிவதுபோல வெளியே வீசுகின்றன. 2004இல் பெர்லினில் கண்டுபிடித்தார்கள். பக்டீரியா அதில் சிக்கும், நல்லது. நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாயில் அதே வலை விரிந்தால் இரத்தம் உறைந்து வழி அடைபடும்.

தொற்றிய கலத்தை மட்டும் தேடிக் கொல்லத் தெரிந்தவை லிம்போசைட்டில் ஒரு பிரிவான ரி கலங்கள். அவற்றில் ஒரு பகுதி இரத்தத்தை விட்டு நுரையீரலுக்குள் போய்விடுகிறது. இன்னொரு பகுதி அந்தச் சைட்டோகைன் வெள்ளத்தில் செத்துப்போகிறது. ஆகவே தாளில் 5 வீதம்.

மாமா தெளிவாகப் பேசியதற்கும் காரணம் உண்டு. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வை அதிகம் கிளப்புவது காபனீரொட்சைட்டு கூடுவதுதான். ஒட்சிசன் குறைவது அந்த அளவுக்குக் கிளப்பாது. காபனீரொட்சைட்டு இலகுவாக வெளியேறிக்கொண்டிருக்கும் வரை ஒட்சிசன் சரிந்தாலும் ஆள் நெல் விலை பேசிக்கொண்டிருப்பார்.

சாய்ந்தமருது ராத்தா

எங்கள் வீட்டுக் கதையில் கொவிட் இல்லை. மாரி மழை, தங்கச்சியின் கைக்குழந்தை. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் என்று பிறகு சொன்னார்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. பால் குடிக்க வாய் வைக்கும், விடும், அழக்கூடப் பலமில்லை.

ரிப்போர்ட்டில் வெள்ளை அணு 14,000. உம்மா பிடித்த பிடியில் நின்றார்: “கிருமி ஏறிவிட்டது, பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு ஊசி போடுகிறார்கள், இவனுக்கு ஏன் போடவில்லை?” டொக்டர் பெண்பிள்ளை, சின்ன வயது. கோபப்படவில்லை. அந்த வயதுக் குழந்தைக்கு 14,000 சாதாரணம், பெரியவர்களின் அளவை வைத்துப் பார்க்கக்கூடாது, குழந்தைக்கு லிம்போசைட்தான் கூடுதலாக இருக்கும் என்று தாளைக் காட்டி விளக்கினார். பக்டீரியா சேர்ந்த அடையாளம் இல்லாமல் அன்டிபயோட்டிக் வைரஸுக்கு ஒன்றும் செய்யாது என்றார். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு தாதி மிஸ் வந்து மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார். எனக்கு மறக்காதது அதுதான். நூல் நூலாக, மஞ்சளும் வெள்ளையுமாக, அறுந்துபோகாமல் வந்துகொண்டே இருந்தது. அதில் செத்த வெள்ளை அணுக்களும் மூச்சுக்குழாயின் உதிர்ந்த உள்தோலும் கலந்திருக்கும் என்று அவர் சொன்னார். இவ்வளவு சின்னப் பிள்ளையின் குழாய் எவ்வளவு அகலம் இருக்கும், அடைக்காமல் என்ன செய்யும்! உறிஞ்சி முடித்து ஒட்சிசனை மறுபடி வைத்ததும் தங்கச்சியின் மார்பில் வாய் வைத்தான். இந்த முறை விடவில்லை.

உம்மா இன்றைக்கும் ஊசி போட்டிருந்தால் இரண்டு நாள் முந்தி வீட்டுக்கு வந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறார்.

செங்கலடி

கல்லடி மருமகன் கோபிக்கக்கூடாது. வெள்ளை அணு அட்டகாசம் செய்கிறது என்றால் அதை அடக்கும் ஸ்டீராய்டை முதல் நாளே கொடுத்திருக்க வேண்டாமா? எங்கள் பக்கம் ஒரு மருந்துக்கடையில் காய்ச்சல் என்று போனவனுக்கெல்லாம் டெக்ஸா என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். நானும் விழுங்கினேன். மறுநாளே எழும்பி ஓட்டோ ஓட்டப் போனேன். விடுதியில் வைத்து இழுத்தடித்ததுதான் பிழை.

ஓய்வுபெற்ற மிஸ், அக்கரைப்பற்று

செங்கலடித் தம்பி, நீங்கள் மறுநாள் ஓட்டோ ஓட்டியது டெக்ஸாவால் என்று யார் சொன்னது? காய்ச்சல் தணிந்து உற்சாகம் வந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமா?

என் கதை சின்னது. நோயாளி ஒருவர், பக்கத்து வீட்டார் கொடுத்த டெக்ஸாவை இரண்டாம் நாளிலிருந்தே விழுங்கியவர், சீனி வருத்தக்காரர். விரலில் குத்திப் பார்த்தால் குளுக்கோமீற்றர் எண்ணைக் காட்டவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. எனக்குப் பழுதோ என்று வேறு கருவியில் பார்த்தேன். அதுவும் அப்படியே. மனைவி கைப்பையிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்து, “இதைத் தொடரலாமா மிஸ்?” என்று கேட்டார்.

2020 ஜூனில், கொவிட் நோயாளிகளில் மருந்துகளைச் சோதித்த இங்கிலாந்தின் ரிகவரி ஆய்வு முடிவு வந்தது. நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன், ஆகக்கூடியது பத்து நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. முதல் நாட்களில் வைரஸோடு போராட வெள்ளை அணு வேண்டும், அப்போதே அதன் கையைக் கட்டலாமா? பிந்திய நாட்களில் அது வீட்டையே உடைக்கத் தொடங்கும்போதுதான் கட்ட வேண்டும். கொவிட்டுக்குச் சரியானதை இன்புளுவென்சாவுக்கும் கொடுக்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.

இன்னும் சில விடயம், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை நகப்பூச்சை அழித்துவிட்டு மாட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போது நன்றாகக் காட்டினால் வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே போனால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு நிற்காமல் கொண்டுபோங்கள். வெள்ளை அணு குறைந்தால் கொவிட் என்றும் முடிவு கட்டாதீர்கள், டெங்குவிலும் குறையும். மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு அஸ்பிரினும் ஐபுபுரொபனும் வேண்டாம், பனடோல் போதும். பப்பாளி இலைச் சாற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு பரிசோதனையைப் பிற்போடாதீர்கள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆண்டுதோறும் இன்புளுவென்சாத் தடுப்பூசி போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பானையைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வாழைச்சேனைத் தோணி

எல்லோரும் தாளைப் பற்றியே பேசுகிறீர்கள். என் காக்கா கடலுக்குப் போகிறவர், தடிமன்கூடப் பிடிக்காத உடம்பு. நான் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா முட்டுக்காரன். ஒரே வீடு, ஒரே கிழமையில் இருவருக்கும் கொவிட். நான் இருக்கிறேன், அவரை ஓட்டமாவடியில் அடக்கினோம். எட்ட நின்றுதான் பார்க்க முடிந்தது.

“எதிர்ப்புச் சக்தி குறைவு” என்று மையத்து வீட்டில் ஒருவர் வாய் கூசாமல் சொன்னார். 2020 டிசம்பரில் கொவிட்டுக்கு மருந்தென்று நாடே தேடி ஓடிய கேகாலை நாட்டு மருந்துப் பாணியில் ஒரு போத்தலை யாரோ அவருக்கும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள், சக்தியைக் கூட்டுமாம். பாதி குடித்த போத்தலை நான்தான் எடுத்து ஊற்றினேன். சக்தி கூடி அவரையே தின்றதா, குறைந்து கைவிட்டதா? லெய்ஷ்மன் சாயம் சொல்லட்டும்.

லெய்ஷ்மன் சாயம்

காக்காவின் தாளைப் பார்க்காமல் அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. ஆனால் உங்கள் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2020இலேயே வெளிவந்தது: கொவிட்டால் உயிராபத்தான நிலைக்குப் போனவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவரின் இரத்தத்தில், தம் சொந்த இன்டர்பெரானையே முடக்கும் பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) இருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். பலருக்கு அதுவரை பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. முதல் எச்சரிக்கை எழாவிட்டால் பின்னால் வரும் படை தாறுமாறாகத்தான் வரும். கூடியதா குறைந்ததா என்றால் இரண்டும்; ஒரே உடம்பில், வேறு வேறு நாளில். பாணியால் இதில் எந்தப் பக்கமும் அசையாது. மையத்து வீட்டில் பேசியவரை விடுங்கள்.

மிஸ் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஸ்டீராய்டு கொடுத்தால், இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்கள் கழன்று ஓட்டத்துக்கு வந்துவிடும். சில மணி நேரத்திலேயே மொத்த எண் ஏறும், லிம்போசைட் இறங்கும். 15,000 என்று பார்த்ததும் பக்டீரியா சேர்ந்துவிட்டது என்று உறவினர்கள் பதறுகிறார்கள். சில வேளை அப்படியும் இருக்கலாம், சில வேளை மருந்தின் வேலைதான். எங்களிடம் வரும் படிவங்களில் பாதிக்கு மேல் ஸ்டீராய்டு கொடுத்த விபரம் இருப்பதில்லை. ஸ்டீராய்டு தொடங்கிய திகதியைக் கேட்டுப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் வாங்கி விழுங்கியதாக இருந்தாலும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், செங்கலடித் தம்பி.