கடலூர் – புதுச்சேரி சாலையில் என்னைக் காப்பாற்றிய பிரேக்: அனுபவப் பகிர்வு

மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறேன். பத்தாண்டுகளுக்கும் மேலாக இதே சாலைதான். இந்தச் சாலையில் ஏறக்குறைய ஒரே மாதிரியான நெருக்கடி எனக்கு இரண்டு முறை நேர்ந்திருக்கிறது. முதல் முறை என்னிடம் இருந்தது ஏ.பி.எஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டி. இரண்டாம் முறை ஏ.பி.எஸ் உள்ள வண்டி. இரண்டையும் கையில் உணர்ந்தவன் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2014ஆம் ஆண்டு ஐப்பசி மழை நாள். பெண்ணையாற்றுப் பாலத்துக்கு அருகே, லாரிகள் சிந்திய மணல் நனைந்து சாலையோரம் படிந்திருந்த இடத்தில், முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றுவிட்டது. நான் இரண்டு பிரேக்கையும் ஒருசேர இறுக்கினேன். முன்சக்கரம் சுழல்வது நின்றது, வண்டி நிற்கவில்லை. சக்கரம் உருளும் வரைதான் ஹேண்டில் நம் பேச்சைக் கேட்கும். பூட்டிக்கொண்டு வழுக்கத் தொடங்கிவிட்டால் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி போன போக்கில்தான் போகும் என்பதை அன்றுதான் அறிந்தேன். இடப்பக்கமாகச் சாய்ந்து சில அடி தூரம் தேய்த்துக்கொண்டு போனோம், வண்டியும் நானும். கிராஷ் கார்டு உள்நோக்கி வளைந்திருந்தது. அது வண்டியைத் தாங்கிக்கொண்டதால் கால் அடியில் நசுங்காமல் தப்பியது. ஹெல்மெட்டின் வெளியோட்டில் ஒரு கீறல்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து உள்துணியைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளிருக்கும் தெர்மோகோல் கட்டைவிரல் பதியும் ஆழத்துக்கு அமுங்கியிருந்தது. மண்டை வாங்க வேண்டிய அடியை அது வாங்கியிருக்கிறது. ஒருமுறை அமுங்கிய தெர்மோகோல் மறுபடி உப்பாது என்பதால், அந்த ஹெல்மெட்டை அன்றே வெட்டிப் போட்டுவிட்டு ஐ.எஸ்.ஐ முத்திரை உள்ள வேறொன்று வாங்கினேன்.

இரண்டாவது சம்பவம் 2021 கார்த்திகையில், கிருமாம்பாக்கத்தில். தூறல் விட்டு சாலை பளபளவென்று இருந்தது. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். நின்றிருந்த பேருந்தின் மறைவிலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார். அந்த வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 14 மீட்டர் ஓடும். கண் பார்த்துக் கை இறுக்குவதற்குள்ளேயே பாதி தூரம் போய்விடும். இம்முறையும் பதற்றத்தில் அதே தவறைத்தான் செய்தேன், முன் பிரேக்கை முழு பலத்துடன் பிடித்தேன். ஆனால் லீவர் விரல்களுக்குள் படபடவென்று துடித்தது. சக்கரம் பூட்டப்போவதைச் சென்சார் கண்டு, பிரேக் அழுத்தத்தை ஒரு வினாடிக்குள் பல முறை தளர்த்தி மீண்டும் கொடுப்பதுதான் அந்தத் துடிப்பு. முன்சக்கரம் உருண்டுகொண்டே வேகம் குறைந்ததால் ஹேண்டில் என் வசம் இருந்தது. வலப்புறம் ஒரு முழம் ஒதுங்கி நிற்க முடிந்தது. என்னுடையது சிங்கிள் சேனல், அதாவது முன்சக்கரத்துக்கு மட்டுமே ஏ.பி.எஸ். ஆகவே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு சற்று அலைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாங்கப்போகிறவர்கள், பணம் இடம் கொடுத்தால், டூயல் சேனலைப் பாருங்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் ஏ.பி.எஸ் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய பழைய வண்டி வாங்குவோர் இதைக் கேட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆல்பேட்டை சோதனைச் சாவடியைக் கண்டதும் ஹெல்மெட்டைத் தலையில் ஏற்றி, தாண்டியதும் மறுபடி டேங்க் மீது வைத்துக்கொள்பவர்களை தினமும் பார்க்கிறேன். நாடாவை மாட்டாமல் போடுபவர்களோ அதைவிட அதிகம். நாடா மாட்டாத ஹெல்மெட், தலை தரையைத் தொடும் முன்பே கழன்று போய்விடும். இதை நினைத்து நான் உண்மையிலேயே வருந்துகிறேன்.

முருங்கப்பாக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, உங்கள் அனுபவத்தைப் படித்ததும் எனக்கு நேர்ந்ததையும் எழுதத் தோன்றியது. ஏ.பி.எஸ் பற்றிப் பேசுபவர்கள், பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலை கார்டு பற்றிப் பேசுவதே இல்லை. என் தம்பி புது பைக் வாங்கிய வாரத்திலேயே, பார்க்க அழகாக இல்லை என்று அதைக் கழற்றிவிட்டான். மரப்பாலம் சந்திப்பில் சிக்னல் விழுந்து வண்டி கிளம்பியபோது, பின்னால் அமர்ந்திருந்த என் துப்பட்டாவின் முனை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கழுத்து பின்னுக்கு இழுபட்டதுதான் தெரியும், கத்தக்கூட முடியவில்லை. தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்துத் துணி கிழிந்ததாலும், வண்டி அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்ததாலும் பிழைத்தேன். பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் கட்டை, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. பின்னால் அமரும் அம்மாவையும் அக்காவையும் எண்ணித்தான் அவை பொருத்தப்படுகின்றன. தம்பி மறுநாளே கார்டை மாட்டிவிட்டான். நானும் துப்பட்டாவைச் சுற்றி முடிச்சிட்ட பிறகே ஏறுகிறேன்.

ரெட்டிச்சாவடி, பைக் மெக்கானிக்:

தம்பி, இருபது வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். மழைக்காலத்தில் வரும் வண்டிகளில் ஏ.பி.எஸ் விளக்கு அணையாமல் எரிகிறது என்ற புகார் அடிக்கடி வரும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் டிஸ்க்கை ஒட்டிய சென்சார் ரிங்கின் துளைகளில் சேறு அடைத்திருக்கும், அல்லது பஞ்சர் ஒட்டும்போது சென்சாரின் வயர் அடிபட்டிருக்கும். சாவி போட்டதும் விளக்கு எரிந்து, வண்டி சற்று நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் ஏ.பி.எஸ் வேலை செய்யவில்லை என்று பொருள். பிரேக் சாதாரண பிரேக்காகத்தான் பிடிக்கும். அந்த விளக்கு ஒரு மாதமாக எரிகிறது என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதேபோல, டயர் மொட்டையாக இருந்தால் ஏ.பி.எஸ் இருந்தும் பயன் குறைவு. சக்கரத்தைப் பூட்டாமல் வைத்திருக்க அதனால் முடியும், ரோட்டில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

முதலில் எழுதியவர்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று காலை என் பின் டயரைக் குனிந்து பார்த்தேன். நடுவில் பள்ளங்கள் தேய்ந்து, தேய்மான அடையாளக் கட்டை டயர் மட்டத்துக்கு வந்துவிட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருந்தால் வண்டியைக் கொண்டுவருகிறேன். சென்சார் ரிங்கையும் ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள்.