கனவு நோட்டு: சாதனையா, மாத்திரையா?

மாலைவெயில்:
வயது 68. இரண்டு ஆண்டுகளாகத் தலையணைக்கடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். விழித்ததும் விளக்கைப் போடாமலே கனவை எழுதிவிடுவேன். காலையில் பார்த்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். இறந்துபோன அம்மா போன மாதம் கனவில் வந்தாள். அரைத்த அம்மியில் ஈரம்கூடக் காயவில்லை. "சாவியைத் தம்பியிடம் கொடுத்தாயா?" என்று கேட்டாள். நிலத் தகராறில் தம்பியோடு பேச்சு நின்று பதினொரு ஆண்டுகள். அன்று காலையே போன் செய்தேன். இத்தனை வருடப் பூஜையில் கரையாதது கரைந்தது. கனவை ஏன் சாதனையாக, அதாவது ஆன்மிகப் பயிற்சியாகக் கொள்ளக்கூடாது?

பழைய மருந்துக்கடைக்காரன்:
கோபிக்காதீர்கள் அம்மா, இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை? மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனலால் எல்லாம் சிலருக்குக் கனவைத் தத்ரூபமாக்கும். மறதி நோய்க்கான டோனெபெசிலும் அப்படித்தான். என் கடைக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு இரவுதோறும் சித்தர் தரிசனம். மருத்துவர் டோனெபெசிலைக் காலைக்கு மாற்றினார். சித்தர் வருவதை நிறுத்திவிட்டார்.

மாலைவெயில்:
மெட்டோப்ரோலால்தான். ஆனால் அம்மியும் சாவியும் மாத்திரைக்குள் இல்லையே ஐயா! விழிப்பில் நாம் ஒருபக்கம் சாய்ந்தால் கனவு மறுபக்கம் இழுக்கும் என்றார் சுவிஸ் உளவியலாளர் யுங். ஒற்றைக் கனவை நம்பாமல் வரிசையாகப் பார்க்கவும் சொன்னார். 1944இல் மாரடைப்பில் கிடந்தபோது கண்ட காட்சிகளுக்குப் பிறகுதான் அவருடைய முக்கிய நூல்கள் பல வந்தன. அப்போது அவருக்கும் 68.

பழைய மருந்துக்கடைக்காரன்:
அப்போது பிராணவாயுவும் கற்பூர ஊசியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறாரே!

அருணைவாசி:
இருவரும் கனவுக்குள்ளேயே நிற்கிறீர்கள். நனவு நீண்டது, கனவு கணநேரம். வேறு பேதமில்லை என்பது ரமணர் வாக்கு. கண்டது யார் என்று விசாரியுங்கள். நோட்டு எதற்கு?

மாலைவெயில்:
விசாரித்தேன். தம்பியோடு பேசாதவள் என்றுதான் பதில் வந்தது.

பழைய மருந்துக்கடைக்காரன்:
சரி, நோட்டு இருக்கட்டும். தூக்கத்தில் கத்துவது, கைகாலை வீசுவது உண்டா என்று வீட்டாரைக் கேட்டு அதையும் எழுதுங்கள். பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே சிலரிடம் அது தலைகாட்டும். இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். அதுசரி, தம்பி என்ன சொன்னார்?

மாலைவெயில்:
"எந்தச் சாவி அக்கா?" என்றான். பிறகு அரைமணி நேரம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம்.