பவுண்ட்ஸ் செக் எலிமினேஷன்: ‘நீக்கம்’ வேண்டாம், ‘விலக்கு’ என்போம்

நண்பர்களே, வணக்கம்.

தரவின் நீளத்தைத் தாண்டிப் படிக்கிறோமா என்று நிரல் ஒவ்வொரு முறையும் பார்ப்பது பவுண்ட்ஸ் செக்; தேவையில்லாத இடத்தில் அதைக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) விட்டுவிடுவது பவுண்ட்ஸ் செக் எலிமினேஷன். இதற்குத் தமிழில் வந்த ‘எல்லைச் சோதனை நீக்கம்’ என்ற பரிந்துரையில் மூன்று சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன. எல்லை என்றால் நெட்வொர்க் ஆட்களுக்கு பார்டர் ரவுட்டர்தான் நினைவுக்கு வரும். கணக்குப் புத்தகத்தில் லிமிட்டுக்கும் அதே சொல். வரம்பு என்றால் குழப்பமில்லை, ‘வரம்பு மீறாதே’ என்று வீட்டிலேயே சொல்கிறோம். சோதனை என்றால் டெஸ்டிங் என்று எடுத்துக்கொள்வார்கள், சரிபார்ப்பு போதும்.

சரி, முக்கியமான தகராறு ‘நீக்கம்’ பற்றியது.

10 கிகாபிட் நெட்வொர்க் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் (தரவுப் பொட்டலங்கள்) முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 1.48 கோடிக்கும் மேல். ஒன்றுக்குக் கிடைப்பது சுமார் 67 நானோநொடி. ஒவ்வொரு பைட்டைத் தொடும்போதும் ‘பாக்கெட் இவ்வளவு நீளம் இருக்கிறதா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் கேள்விகளைக் குறைக்கிறோம். எப்படிக் குறைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேள்வியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை காட்டியது. அனுப்பியவர் சொன்ன நீளத்தை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருள் அப்படியே நம்பியது; வந்ததோ சில பைட்டுகள், திருப்பிக் கொடுத்ததோ 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம்.

இன்னொரு வழி இருக்கிறது. பாக்கெட்டின் தொடக்கத்தில் முகவரி போன்ற விவரங்களைச் சொல்லும் தலைப்புகள் வரிசையாக வரும்: ஈதர்நெட் தலைப்பு 14, ஐபிவி4 20, டிசிபி 20, ஆக 54 பைட். ‘54 இருக்கிறதா?’ என்று தொடக்கத்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டால், அதற்குள் வரும் மற்ற கேள்விகளுக்கு விடை தெரிந்துவிடுகிறது. கம்பைலரே அவற்றை விட்டுவிடும். கோ (Go) என்ற நிரல்மொழிக்காரர்கள் கடைசி பைட்டை முதலிலேயே தொட்டுவைப்பது இதற்காகத்தான். ஆனால் ஐபி தலைப்பின் முதல் பைட்டில் இருக்கும் நீள எண் (4 பைட் ஓர் அலகு, ஆகவே 5 என்றால் 20 பைட்) 5ஐத் தாண்டினால், அந்தத் தலைப்பு 60 பைட் வரை நீளும், டிசிபி தள்ளிப்போகும். அப்போது 54 என்ற சான்று செல்லாது. மறுபடி கேட்டே ஆக வேண்டும்.

இதற்கு ஏற்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: வரி விலக்கு என்பதில் வரும் விலக்கு. காரணம் காட்டினால்தான் விலக்கு கிடைக்கும், காரணம் போனால் அதுவும் போகும், சட்டம் மட்டும் அப்படியே இருக்கும். பதவி நீக்கத்தில் அந்தப் பொருள் இல்லை. ஆகவே ‘வரம்புச் சரிபார்ப்பு விலக்கு’ என்பது என் பரிந்துரை. சான்று எதுவும் இல்லாமல் அழிப்பதற்கு மட்டும் ‘நீக்கம்’ இருக்கட்டும்.

கம்பைலர் அறிக்கையில் ‘இங்கே விலக்கு: 12ஆம் வரியில் 54 பைட் உறுதியானது’ என்று வந்தால், படிப்பவர் அடுத்து எந்த வரிக்குப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.