சேலத்தில் வெளியூர் வாடிக்கையாளர்களுக்கு இரவு விருந்து: எங்கே அழைத்துச் செல்லலாம்?

மரவள்ளிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆத்தூர் பக்கம் சிறிய சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றை நடத்தி வருகிறேன். வரும் கார்த்திகையில் இந்தூரிலிருந்து இருவரும் புனேயிலிருந்து ஒருவரும் ஆலையைப் பார்க்க வருகிறார்கள். பகலில் ஆலையைச் சுற்றிக் காட்டிவிட்டு, இரவு சேலத்தில் விருந்து கொடுத்து, அடுத்த ஆண்டுக்கான சரக்கையும் கடன் தவணையையும் அங்கேயே பேசி முடித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். இந்தூர்க்காரர்களில் மூத்தவர் ஜைனர். புனேக்காரருக்கு அசைவம் பிடிக்கும். என் பங்குதாரரோ அந்தச் சமயத்தில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்.

சென்ற முறை வேறொரு வியாபாரியை மொட்டை மாடி உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போய்ப் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. பக்கத்திலேயே பாட்டுக் கச்சேரி நடந்த இரைச்சலில் அவர் சொன்ன 'ஃபிஃப்டி' என் காதில் 'ஃபிஃப்டீன்' என்று விழுந்தது. பதினைந்து நாள் தவணை என்று நிம்மதியாக வீடு திரும்பினேன். பணம் ஐம்பதாம் நாள்தான் வந்தது. கேட்டதற்கு, நீங்கள்தானே தலையை ஆட்டினீர்கள் என்றார்.

இம்முறை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றால் குளிரும் காட்சியும் விருந்தினர் மனத்தில் நிற்கும் என்கிறார் மைத்துனர். நகரத்திலேயே பெரிய ஹோட்டல் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

அஸ்தம்பட்டிவாசி

வணக்கம் ஐயா. ஹோட்டல் விருந்துப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரவு விருந்துக்கு ஏற்காடு வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, வயிறு நிறையச் சாப்பிட்டு, கார்த்திகை மூடுபனியில் அதே வளைவுகளை இறங்கும் விருந்தினருக்குக் காட்சியா நினைவில் நிற்கும், குமட்டல்தான் நிற்கும். அங்கேயே இரவு தங்குவதாக இருந்தால் கதை வேறு. அல்லது மறுநாள் நேரம் இருந்தால் மதிய உணவுக்கு ஏறி, காப்பித் தோட்டம் ஒன்றைக் காட்டி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.

நீங்கள் இடத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு நேரத்தைப் பற்றித்தான் கவலை. ஜைனர்களில் பலர் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவதில்லை. மூத்தவர் அப்படிப்பட்டவர்தானா என்பதை இப்போதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கார்த்திகையில் சேலத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். பல ஹோட்டல்களில் இரவுச் சமையலறை ஏழு மணிக்குத்தான் சுறுசுறுப்பாகும். எட்டு மணிக்கு மேசை பதிவு செய்துவிட்டு, வியாபாரத்தை முடிவு செய்ய வேண்டிய மனிதரை வெறும் வெந்நீரோடு, அதுவும் சிலர் குடிக்கமாட்டார்கள், உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடுவதை நான் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே மூன்றரை மணிக்கே ஆத்தூரிலிருந்து புறப்பட்டு, ஐந்து மணிக்கு மேசையில் அமரும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்த நேரத்துக்குச் சமைத்துத் தர இயலுமா என்பதுதான் உணவகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முடியாது என்றால் அது எவ்வளவு பெரிய ஹோட்டலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சமையலறையிடம் 'வெங்காயம், பூண்டு வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, பச்சை இஞ்சி எதுவும் ஆகாது என்று எழுதிக் கொடுங்கள்; இஞ்சிக்குப் பதில் சுக்கு போடலாம். இடியாப்பம் போன்ற நம் ஊர்ச் சந்தகையை எலுமிச்சை பிழிந்தும் தேங்காய்ப்பாலோடும் புதிதாகச் செய்து வைத்தால், வடநாட்டுப் பனீரை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை.

கொலுசுப்பட்டறை

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்வதால் வடநாட்டு விருந்தினர்கள் எனக்குப் பழக்கம். மேலே சொன்னவர் சொல்லாத ஒன்று: தேதி வைக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளாக இருந்தால், கல்யாண மண்டபம் உள்ள எந்த ஹோட்டலிலும் கார் நிறுத்த இடமிருக்காது, நாதஸ்வரம் உங்கள் மேசை வரை கேட்கும். பதினைந்தும் ஐம்பதும் மறுபடி குழம்பும். ஏகாதசியாக இருந்தால் விரதம் இருப்பவர்கள் அரிசி, கோதுமை, பருப்பு எதையும் தொடமாட்டார்கள். உங்கள் சரக்கு வடக்கே விலை போவதே அந்த விரதங்களை நம்பித்தானே! வேர்க்கடலைப் பொடி, சீரகம், இந்துப்பு சேர்த்து உங்கள் ஆலை ஜவ்வரிசியிலேயே கிச்சடி செய்து பரிமாறச் சொல்லுங்கள். முத்து குழையாமல் தனித்தனியாக நிற்பதைத் தட்டில் பார்ப்பதைவிட வேறு விளம்பரம் தேவையில்லை. ஆனால் கிழங்கு மாவுப் பொருள் என்பதால் ஜைனர்களில் சிலர் ஜவ்வரிசியையே தவிர்ப்பதுண்டு; வாங்கி விற்பவராயிற்றே என்று நினைத்து மூத்தவருக்குக் கேட்காமல் வைத்துவிட வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, மாமாங்கம் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ரேடிசன் இருக்கிறது, ஜங்ஷன் மெயின் ரோட்டில் சி.ஜே. பல்லாசியோ இருக்கிறது. விருந்தினர்கள் எங்கே தங்குகிறார்களோ, அங்கேயே தனி அறை கிடைத்தால் அதுவே உத்தமம். பதிவு செய்வதற்கு முன் ஒரு நாள், நீங்கள் செல்லப்போகும் அதே நேரத்தில் போய், அதே மேசையில் உட்கார்ந்து, ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். ஒலிபெருக்கி தலைக்கு மேல் இருக்கிறதா, பரிமாறும் கதவு முதுகுக்குப் பின்னால் அடித்துக்கொண்டே இருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் தெரியாது.

புனேக்காரரின் அசைவத்தை மறுநாள் மதியத்துக்கு ஒத்திவையுங்கள். மெஸ் ஒன்றில் அவரோடு மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்கும் தனிக் கவனிப்பாக இருக்கும். தட்டுவடைகளுக்கு நடுவே காய்த்துருவல் வைத்த நம் ஊர்த் தட்டுவடை செட் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தாலும் மூத்தவர் இல்லாதபோது காட்டுங்கள். அதில் பீட்ரூட்டும் கேரட்டும்தானே பிரதானம்.

கணக்கெழுத்தாளர்

செலவுக் கணக்குக்காக ஒரு சிறு குறிப்பு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அதைத் தொழில் செலவாகக் காட்ட முடியாது. ஆகவே அட்டையிலோ வங்கி வழியாகவோ செலுத்துங்கள். சாதாரண உணவகத்தில் 5 சதவீதமும், அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டல்களில் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. வரும். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துப் பில் வாங்கினாலும், உங்களைப் போன்ற ஆலைக்காரர்கள் உணவுக்கான உள்ளீட்டு வரியை, அதாவது அந்தப் பில்லில் கட்டிய ஜி.எஸ்.டி.யை, திரும்ப எடுக்க இயலாது. பில் மேசைக்கே வராதபடி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விருந்தினர் எதிரில் சேவைக் கட்டணம் பற்றி வாதாடுவது நன்றாக இருக்காது.

மரவள்ளிக்காரர்

மூவருக்கும் நன்றி. மூத்தவரிடம் பேசினேன், சூரிய மறைவுக்குப் பின் சாப்பிடுவதில்லை என்றார், கேட்டதற்கு மகிழ்ந்தார். ஜவ்வரிசி அவருக்குத் தடையில்லையாம். ஏகாதசியும் முகூர்த்தமும் இல்லாத நாளாகப் பார்த்து, ஐந்து மணிக்குத் தனி அறை சொல்லியிருக்கிறேன். நேற்று போய் உட்கார்ந்து பார்த்தபோது குளிர்சாதனக் காற்று நேராக ஒரு நாற்காலியில் விழுந்தது. அந்த இடத்தில் மைத்துனரை அமர்த்திக்கொள்கிறேன், குளிர் கேட்டவர் அவர்தானே.