இணையம் இல்லாத வீட்டுக் கணினியில் ஷார்ட்கட் வைரஸ்: படகுக் கணக்கை மீட்பது எப்படி?

கேள்வி (மூக்கையூர்)

வணக்கம். விண்டோஸ் 7 உள்ள எங்கள் பழைய மேசைக் கணினியில்தான் அப்பாவின் படகுக் கணக்கை எக்செல்லில் எழுதி வருகிறேன். டீசல், ஐஸ், வலைச் செலவு, ஏலத்தில் கிடைத்த தொகை, ஆட்களுக்குப் பிரித்த பங்கு, கொடுத்த முன்பணம் என ஆறு ஆண்டுக் கணக்கும் ஒரே பென்டிரைவில் இருக்கிறது. கணினியில் உள்ள நகல் ஓராண்டு பழையது. படகின் பதிவுச் சான்றை அச்செடுக்க அந்தப் பென்டிரைவைச் சாயல்குடிக்குக் கொண்டுபோய் வந்த நாள் முதல், அதிலுள்ள ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் வளைந்த அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. வேறு பென்டிரைவைச் செருகினாலும் அதற்கும் அதே கதிதான். வீட்டில் இணைய இணைப்பு இல்லை. கரைப்பக்கம் போய் நின்றால்தான் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கிறது. பழுது பார்ப்பவர் ஒருவர் எல்லாவற்றையும் ஃபார்மட் செய்வதுதான் வழி என்கிறார். ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்குள் முன்பணக் கணக்கை எடுத்து ஆட்களிடம் பேசியாக வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1 (கீழக்கரை)

சகோதரி, ஃபார்மட் செய்ய விடாதீர்கள். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்துகிறது. அதைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் வைரஸ்தான் முதலில் இயங்கும். ஆகவே இனி எதையும் திறக்க வேண்டாம். பென்டிரைவின் மேல் வலச்சொடுக்கி, எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அளவு பழையபடியே இருந்தால் கணக்கு உள்ளேதான் இருக்கிறது.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டையும் கொடுத்துவிடாதீர்கள். இணைப்புக் கிடைத்தால் இத்தகைய நிரல் வெளியிலிருந்து வேறு வைரஸ்களை இறக்கிக்கொள்ளவும், இங்குள்ளதை வெளியே அனுப்பவும் கூடும். உங்கள் வீட்டில் இணையம் இல்லாதது இப்போதைக்கு நல்லதே.

மறுமொழி 2 (தொண்டி)

மேலே சொன்னது சரி. நோயுற்ற விண்டோஸைத் திறக்காமலே கோப்பை எடுப்பதுதான் பாதுகாப்பான வழி என்பேன். இராமநாதபுரத்தில் வைரஸ் இல்லாத கணினி வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ இருந்தால், 8 ஜிபி கொண்ட புதிய பென்டிரைவில் ரூஃபஸ் என்னும் இலவச நிரலால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச இயங்குதளம். உங்கள் கணினி 64 பிட் வகையாகவும், 2 ஜிபி நினைவகம் உள்ளதாகவும் இருந்தால் போதும். அதைச் செருகிவிட்டுக் கணினியை இயக்கியவுடன் எஃப்12 விசையைத் தட்டினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில கணினிகளில் இந்த விசை வேறாக இருக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே லினக்ஸ் திறக்கும். திரையில் தெரியும் 'நிறுவு' என்ற படத்தை மட்டும் தொடவே கூடாது. அதன் வழியே போனால் டிஸ்க் அழிந்துபோக வாய்ப்பு உண்டு.

லினக்ஸ் திறந்த பிறகு கணக்குள்ள பென்டிரைவைச் செருகுங்கள். விண்டோஸில் மறைந்திருப்பதையும் லினக்ஸ் மறைக்காமல் காட்டும். கணக்கு வைத்த ஃபோல்டர், பெயரே இல்லாததுபோல் தோன்றும் இன்னொரு ஃபோல்டருக்குள் இருக்கலாம். அதையும் திறந்து பாருங்கள். எக்செல், பிடிஎஃப், படங்கள் ஆகியவற்றை மட்டும் வேறொரு புதிய பென்டிரைவுக்கு நகலெடுங்கள். ஷார்ட்கட்டுகளையும், நீங்கள் வைக்காத எந்த நிரலையும் எடுக்காதீர்கள்.

மறுமொழி 3 (மண்டபம்)

வைரஸைத் தேடி நீக்கும் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை வெளியில் இறக்கிக் கொண்டுவந்து ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். அது இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும். மேலும் கொண்டுவரும் பென்டிரைவையே உங்கள் கணினி தொற்றிவிடும். எழுதி முடித்த டிவிடியில் கொண்டுவந்தால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் எங்கள் வீட்டு டிவிடி டிரைவ் உப்புக்காற்றில் மூன்றே ஆண்டில் படிக்க மறுத்துவிட்டது. எஸ்டி கார்டில் எதையும் எழுதவிடாமல் தடுக்க அதன் உறையின் ஓரத்தில் உள்ள பூட்டையும் முழுதாக நம்ப முடியாது. கார்டு ரீடர் அதை மதித்தால்தான் பயன்.

விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்திவிட்டது. ஆகவே கணக்கு கைக்கு வந்த பிறகு, இதைச் சுத்தம் செய்து பார்ப்பதில் நாளைக் கடத்தாமல், டிஸ்க்கை அழித்து லினக்ஸையே நிறுவிக்கொள்ளுங்கள். லிப்ரேஆஃபீஸ் என்னும் இலவச அலுவலக நிரலில் உங்கள் எக்செல் கணக்கு திறக்கும்.

கேள்வி கேட்டவர் (மூக்கையூர்)

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் சித்தப்பா மகன் பென்டிரைவைத் தயார் செய்து நேற்றுப் பேருந்தில் கொண்டுவந்தான். தொண்டி நண்பர் சொன்னபடியே பெயரில்லாத ஃபோல்டர் ஒன்று இருந்தது. அதற்குள் ஆறு ஆண்டுக் கணக்கும் அப்படியே இருந்தன. வெளியே ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரிலும் ஒன்றிரண்டு கேபி அளவில் ஷார்ட்கட்டுகள் நின்றன. கணக்கை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை அப்பாவின் ஆவணப் பெட்டியில் வைத்துவிட்டேன். அச்செடுக்கப் போகும்போது இனி பிடிஎஃப் மட்டும் உள்ள தனிப் பென்டிரைவைத்தான் கொண்டுபோவேன். லினக்ஸ் நிறுவும் வேலையை ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம்.