மறுமொழி: ‘புவிகாந்தப் புயல்’ - மாற்றுச் சொல் வேண்டும்

> ‘விண்வெளி வானிலை’ நீளம், ‘விண்ணிலை’ போதும். ‘புவிகாந்தப் புயல்’ மட்டும் அப்படியே இருக்கட்டும், பழகிய சொல்.

சொற்பட்டியல் குழுவினருக்கு வணக்கம்.

சூரியனால் பூமியைச் சுற்றிய விண்வெளியில் உண்டாகும் மாற்றங்களைக் குறிக்கும் ‘விண்ணிலை’க்கு என் முழுச் சம்மதம். கண் + நீர் கண்ணீர் ஆவதுபோல விண் + நிலை விண்ணிலை. வானிலைக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்துகிறது.

‘புயல்’தான் எனக்கு ஒப்பவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்துபோன பிறகு குமரிக் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராக ஆட்கள் கரை திரும்பவில்லை. அங்கே போய், ‘நாளை புயல், ஆனால் காற்றும் அலையும் இருக்காது’ என்று எப்படிச் சொல்வது? குளச்சல் பக்கம் பிள்ளைகளிடம் சூரியனால் வரும் இந்தப் ‘புயல்’ பற்றிப் பேசியபோது முதலில் வந்த கேள்வியே, ‘அன்னைக்கு அப்பா வள்ளத்துல போகலாமா?’ என்பதுதான்.

புவிகாந்தப் புயலில் நடப்பது என்ன? சூரியன் வீசியெறிந்த பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்கள்) மேகம் ஒன்றிரண்டு நாளில் வந்து பூமியின் காந்தப்புலத்தில் மோதுகிறது, புலம் கலங்குகிறது. 2024 மே 10, 11-இல் வந்தது 20 ஆண்டுகளில் மிக வலுத்தது. லடாக்கின் ஹான்லேயில் வானமே சிவந்தது. அன்றைக்குக்கூட நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் புலம் தணிந்தது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான்.

அதற்காக இது நமக்கு வெறும் பாடமும் இல்லை. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடான காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகிலேயே ஓடுகிறது. அதையொட்டிய பகுதிகளில் பொழுது சாய்ந்த பின் அயனிமண்டலம் (வளிமண்டலத்தின் மின்னூட்டமுள்ள மேலடுக்கு) திட்டுத்திட்டாகக் குலையும், ஜிபிஎஸ் சைகை தடுமாறும். சூரியனின் சீற்றத்தால் அது கூடவும் செய்யும், சில இரவுகளில் அடங்கவும் செய்யும். ஆழ்கடலில் வாரக்கணக்கில் கிடப்பவர்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

என் பரிந்துரை: ‘காந்தக் கலக்கம்’. கடல் கலங்கிக் கிடக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது உடனே வரும். புலத்தில் நடப்பதும் அதுதான். சிறு சலனத்துக்குக் ‘கலக்கம்’, இப்போது புயல் என்று குறிக்கிற அளவுக்குப் ‘பெருங்கலக்கம்’. அப்போது அளவு வேறுபாடும் சொல்லிலேயே வந்துவிடும்.

செய்தித்தாள்களில் ‘புயல்’ ஊன்றிவிட்டது, சரி. சொற்பட்டியலில் இணைச்சொல்லாக இருக்கட்டும். கடற்கரைக்குப் போகும் துண்டறிக்கையில் வேண்டாம். தூத்தூர்ப் பகுதி நண்பர்கள் குழுவில் இருந்தால், ‘பெருங்கலக்கம்’ என்று கேட்டதும் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து